பட்டாணித் தோட்டத்துத் துறவி
மெண்டல் அடிகளாரின் வாழ்வும் நம் காலத்துக் கேள்வி ஒன்றும்

பங்குப் பொன்விழா மலர் என்றால் அதில் புனிதர் ஒருவருடைய சரித்திரம் இடம்பெறுவது நம் வழக்கம். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டதும் அதுதான். இம்முறை நான் எடுத்துக்கொண்டவரோ பீடத்தில் வைக்கப்பட்டவர் அல்லர். புனிதர் பட்டமும் இல்லை, முத்திப்பேறு பட்டமும் இல்லை. அவர் ஒரு குருவானவர், துறவி, பள்ளிக்கூட ஆசிரியர், கடைசிக் காலத்தில் ஒரு மடத்தின் அதிபர். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அவருடைய பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த மெண்டல் என்பவர் ஒரு கத்தோலிக்கச் சாமியார் என்று சொன்னால், மறைக்கல்வி வகுப்பில் பாதிப் பேர் வியப்போடு பார்க்கிறார்கள்.

அவரை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் குழந்தைப்பேறு மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் போக முடியாது. கருவிலேயே பரிசோதனை, பிறக்கும் முன்பே நோயைக் கண்டுபிடித்தல், நோய் தரும் மரபணுவையே திருத்திவிடுதல் என்று தினந்தோறும் செய்திகள் வருகின்றன. நம் பங்கின் இளந்தம்பதியர் இதைப்பற்றிக் கேட்கிறார்கள். சிலர் ஆசையோடு கேட்கிறார்கள், சிலர் பயத்தோடு. குழந்தையின் மரபணுவைத் திருத்துவது பாவமா, புண்ணியமா என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்கிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது. இந்த அறிவு எங்கே தொடங்கிற்றோ அந்தத் தோட்டத்திலிருந்து தொடங்குவோம்.

ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியா மாநிலத்தில், இன்று செக் குடியரசில் இருக்கும் ஹைன்சென்டார்ப் என்ற சிற்றூரில் 1822-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் யோஹான். தந்தை ஆன்டன் ஒரு குடியானவர். சொந்தமாகப் பயிரிட நிலம் இருந்தும், வாரத்தில் மூன்று நாள் ஜமீன்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தாக வேண்டும். நம் செங்கற்பட்டுச் சீமையில் பழைய மிராசு காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

அவ்வூர்ப் பங்குக்குரு ஷ்ரைபர் சுவாமி பழமரங்களில் பைத்தியமாக இருந்தவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தோடு ஒட்டுக்கட்டுவதையும் கற்றுக்கொடுத்தார். யோஹானின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டு, பையனை மேற்படிப்புக்கு அனுப்பும்படி பெற்றோரைத் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். பங்குக்குருக்களின் வேலைகளில் சரித்திரத்தில் எழுதப்படாதவை எத்தனையோ. இது ஏதோ தப்பித்தவறி எழுதப்பட்டுவிட்டது.

1838-இல் ஜமீன் வேலையின்போது மரம் விழுந்து தந்தையின் மார்பு நசுங்கியது. அதன்பின் அவரால் முன்போல் உழைக்க முடியவில்லை. பதினாறு வயதுப் பையன் ட்ரோப்பாவ் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அரைவயிறு உண்டு, அடிக்கடி நோயில் விழுந்து படித்தான். ஓல்மூட்சில் தத்துவப் படிப்பைத் தொடரப் பணமில்லாதபோது, தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாள். தன் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை அண்ணனின் படிப்புக்குக் கொடுத்த தங்கைகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். மெண்டல் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய பிள்ளைகள் மூவரின் படிப்புக்கும் அவரே துணைநின்றார். அவர்களில் இருவர் மருத்துவர்கள் ஆனார்கள்.

1843 அக்டோபரில், பிர்னோ நகரில் புனித தோமையார் பெயரால் விளங்கிய அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்து, கிரகோர் என்ற துறவறப் பெயரை ஏற்றார். வயிற்றுப்பாட்டுக் கவலை தீர்ந்தது என்பதும் அவர் மடத்தில் சேர ஒரு காரணம். அதை அவரே ஒளிக்கவில்லை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பசியோடு படித்துப் பார்க்காதவர்கள். 1847-இல் குருப்பட்டம் பெற்றார். பங்குப் பணிக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திப்பதும் மரண அவஸ்தையில் இருப்பவர்களுக்குப் பூசுதல் கொடுப்பதும் அவருடைய வேலை. மனிதர் தாங்கவில்லை. பிறர் வேதனையைக் கண்டு தாமே படுக்கையில் விழுந்தார். மடாதிபதி சிரில் நாப் நல்ல மனிதர். இவரைத் திட்டாமல், ஆயருக்கு எழுதி, 1849-இல் ஸ்நாய்மோ என்ற ஊரில் ஆசிரியர் வேலைக்கு மாற்றிவிட்டார்.

ஆசிரியராக நிலைக்கத் தேர்வு எழுத வேண்டும். 1850-இல் எழுதினார். தோற்றார். எந்தப் பாடத்தில் என்று நினைக்கிறீர்கள்? இயற்கை வரலாற்றில். பிற்காலத்தில் உயிரியலின் திசையையே மாற்றப்போகிறவர் உயிரியலில்தான் தேறவில்லை. மடாதிபதி அவரை 1851 முதல் 1853 வரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே டாப்ளரிடம் பௌதிகமும் உங்கரிடம் தாவரவியலும் கற்றார். எண்ணி, அளந்து, கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் பௌதிகப் படிப்பினால் வந்தது. 1856-இல் மீண்டும் தேர்வுக்குப் போனார். நடுவிலேயே நோய்வாய்ப்பட்டுத் திரும்பிவிட்டார். பதினான்கு ஆண்டுகள் பிர்னோ பள்ளியில் நன்றாகப் பாடம் நடத்தியும், கடைசிவரை அவர் தற்காலிக ஆசிரியர்தான்.

அந்த 1856-ஆம் ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்தார். முப்பத்தைந்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் கொண்ட சிறு பாத்தி. அதற்கு முன்பே முப்பத்து நான்கு வகைப் பட்டாணிகளை வாங்கி இரண்டாண்டு பயிரிட்டு, குணம் மாறாமல் வருபவை எவை என்று சோதித்து, இருபத்திரண்டு வகைகளை வைத்துக்கொண்டார். விதை உருண்டையா சுருங்கியதா, மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்று ஏழு குணங்களை மட்டும் பார்த்தார். பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே தான் சூல்கொள்ளும் இனம். ஆகவே பூ மலருமுன் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் அகற்றி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, வண்டு புகாதபடி சிறு பை கட்ட வேண்டும். இப்படி எட்டு ஆண்டுகள். ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் செடிகள். இடையிடையே பள்ளி வகுப்பு, கட்டளை ஜெபம், பூசை.

என்ன கண்டார்? நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் நடுத்தர உயரம் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரவில்லை. பிள்ளைச் செடிகள் எல்லாம் நெட்டையாகவே இருந்தன. குட்டை ஒழிந்துபோயிற்று என்று தோன்றியது. ஆனால் அந்த நெட்டைகளைத் தாமாகவே சூல்கொள்ள விட்டு, அடுத்த தலைமுறையை எண்ணியபோது 787 நெட்டை, 277 குட்டை. உருண்டை விதையும் சுருங்கிய விதையும் சேர்ந்த வம்சத்தில், இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். எங்கு பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஆக, குட்டைக் குணம் அழியவில்லை. ஒரு தலைமுறை முழுதும் உள்ளே மறைந்திருந்து பிறகு வெளிவந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று வெளியே தெரியும், மற்றொன்று மறைந்தும் இருக்கலாம். பிள்ளைக்குப் போகும்போது அவை கலங்காமல் பிரிந்து போகின்றன. இன்று மரபணு என்கிறோமே, அதன் முதல் அடையாளம் இது. அவர் காலத்தில் அந்தச் சொல்லே இல்லை.

பெரியோர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். சுருங்கிய விதைகளை அவர் உதவாதவை என்று ஒதுக்கவில்லை. உருண்டையைப் போலவே அவற்றையும் எண்ணினார், விதைத்தார், குறித்துவைத்தார். சுருங்கிய விதை இல்லாவிட்டால் அந்தக் கணக்கே இல்லை.

1865 பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய இரண்டு மாலைகளில் பிர்னோ இயற்கை ஆய்வுக் கழகத்தில் இதைப் படித்தார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. நாற்பது பிரதிகள் தனியாக அச்சிட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஒருவரும் அதன் பொருளை உணரவில்லை. மூனிக் நகரத்துப் பெரும் பேராசிரியர் நேகெலி, தாம் ஆராய்ந்துவந்த ஹாக்வீட் என்னும் மஞ்சள் பூச்செடியில் சோதிக்கச் சொன்னார். அந்தச் செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைக்கும் இனம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. மெண்டலின் கண்பார்வை கெட்டதுதான் மிச்சம்.

1868-இல் மடாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் தோட்டத்துக்கு நேரம் இல்லை. தேனீ வளர்த்தார், வானிலையைக் குறித்தார், 1874-இல் அரசு மடங்கள்மீது போட்ட வரியை எதிர்த்துச் சாகும்வரை வழக்காடினார். மடத்து வருமானத்தை அரசு பிடித்துக்கொண்டபோதும் வளைந்துகொடுக்கவில்லை. 1884 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, சிறுநீரக நோயால் காலமானார். அடக்கப் பூசையில் ஆர்கன் வாசித்தவர் லெயோஷ் யானாச்செக் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர். துக்கத்துக்கு வந்த ஏழை எளியவர்களுக்கு அவர் ஒரு நல்ல மடாதிபதி. பட்டாணிக் கணக்கு எவருக்கும் நினைவில்லை.

1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்ற மூன்று பேர் ஒரே ஆண்டில் அந்தப் பழைய கட்டுரையைக் கண்டெடுத்தார்கள். அதன் பலன் நம் நாட்டுக்கும் விரைவில் வந்தது. கோயம்புத்தூரில் 1912-இல் அமைந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல கரும்பையும் காட்டு நாணலையும் சேர்த்து உண்டாக்கிய கோ 205 என்னும் கரும்பு 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போயிற்று. பயிரில் நல்ல பலன். மனிதரிடம் கொண்டுவந்தபோதுதான் வினை.

இங்கிலாந்தில் கால்டன் என்பவர் மெண்டல் இறப்பதற்கு முந்தின ஆண்டு, 1883-இல், மனித இனத்தை மாடு குதிரை போலத் தெரிந்தெடுத்து மேம்படுத்தும் கொள்கைக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார். இனமேம்பாடு என்று அதைத் தமிழில் சொல்லலாம். மெண்டலின் கணக்கு கிடைத்ததும் அந்தக் கூட்டத்தார் அதைத் தங்கள் வேதமாக்கிக்கொண்டார்கள். மந்தபுத்தி, வறுமை, குடிப்பழக்கம் எல்லாம் பட்டாணியின் சுருக்கம் போல ஒற்றைக் குணங்கள் என்றார்கள். அமெரிக்காவில் 1907 முதல் மாநிலம் மாநிலமாகச் சட்டம் இயற்றி அறுபதாயிரம் பேருக்கு மேல் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1927-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஜெர்மனியில் 1933 ஜூலையில் ஹிட்லரின் சட்டம் வந்து ஏறத்தாழ நான்கு லட்சம் பேரைத் தீண்டியது. அங்கே கத்தியோடு நிற்கவில்லை. 1939-க்குப் பின் ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொல்லவே தொடங்கினார்கள். 1930-இன் கடைசி நாளில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் திருமணம் பற்றிய சுற்றுமடலில் இந்தக் கட்டாயக் கருத்தடையைக் கண்டித்தார். 1941-இல் மூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் பிரசங்க மேடையிலிருந்தே கொலைகளை வெளிப்படுத்தினார். ஆனாலும் கற்றவர்களில் பெரும்பாலோர் அன்று மற்றப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம்.

இதில் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே தப்பு. மறைந்திருக்கும் குணத்தால் வரும் ஒரு நோய் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெண்டலின் விதிப்படி கணக்கிட்டால், அந்தக் குணத்தை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவர். அதாவது ஒரு நோயாளிக்குச் சுமார் இருநூறு சுமப்பவர்கள். அந்த ஒருவரை ஒதுக்கி என்ன பயன்? சுமப்பவர் நீதிபதியாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், இதை எழுதுகிற நானாகவும் இருக்கலாம். கறையற்ற இரத்தம் என்று ஒன்று எந்தக் குலத்திலும் கிடையாது. இதை 1908-லேயே ஹார்டி என்ற கணித அறிஞர் விளக்கிவிட்டார். கேட்க மனமில்லாதவர்கள் கேட்கவில்லை.

இனி, நம் காலத்துக்கு வருவோம். இங்கே நான் பயமுறுத்துகிறவனாக நிற்க விரும்பவில்லை. வாக்குறுதி உண்மையானது. அதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை, நம் வேலூரில் இருக்கிறது.

ஹீமோபிலியா என்ற நோயில் இரத்தம் உறையாது. பல் விழுந்தால்கூட நிற்காமல் ஒழுகும். முழங்காலில் உள்ளுக்குள் கசிந்து மூட்டை முடக்கிவிடும். தாயின் வழியாக மறைந்து வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளையைத் தாக்கும். அந்தத் தாய் மாமியார் வீட்டில் என்னென்ன கேட்டிருப்பாள் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். குற்றம் அவளுடையது அல்ல. பாதிப்பெண்ணுக்குப் பாதி என்று சீட்டுக்குலுக்கல் போல நடப்பது அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், இந்நோய் கடுமையாக இருந்த ஐந்து பேரின் சொந்த இரத்த மூலஉயிரணுக்களை எடுத்து, அவற்றில் இல்லாத உறைபொருளுக்குரிய மரபணுவை முடமாக்கிய ஒரு வைரஸின் முதுகில் ஏற்றிச் செலுத்தி, மீண்டும் அவர்கள் உடலில் விட்டார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. அந்த ஐவருக்கும் கண்காணிப்புக் காலத்தில் இரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐந்து பேர் என்பது சிறு எண்ணிக்கை, இன்னும் பல ஆண்டு பார்க்க வேண்டும். ஆயினும் வாரந்தோறும் ஊசியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! இதற்கு ஆசீர் கொடுக்க எந்தக் குருவுக்கும் தயக்கம் வேண்டாம்.

அரிவாள் வடிவ இரத்தசோகை என்று இன்னொரு நோய். இந்தியாவில் முதன்முதலாக இது 1952-இல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடத்தில்தான் லேமன், கட்புஷ் என்ற இருவரால் கண்டறியப்பட்டது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை, அதற்கு மேல் மலேரியாக் காய்ச்சலிலிருந்து ஒரு பாதுகாப்பும் உண்டு என்று 1954-இல் ஆலிசன் காட்டினார். ஒரே கூறு ஓரிடத்தில் கேடு, வேறிடத்தில் கேடயம். இதைத் துடைத்தெறி, அதைச் சேர் என்று ஆலோசனை சொல்ல அவசரப்படுகிறவர்கள் இந்த ஒரு உதாரணத்தை மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. 2012-இல் கண்டுபிடிக்கப்பட்ட கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரிக்கோலால் இந்நோயைத் தீர்க்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் இங்கிலாந்தும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் வைத்த விலை ஒருவருக்கு இருபத்திரண்டு லட்சம் டாலர். நம் பணத்தில் பதினெட்டுக் கோடிக்கு மேல். நீலகிரியின் இருளர் குடிசைக்கு இந்த விலை எப்போது இறங்கிவரும் என்பது இன்றைய அறநெறிக் கேள்விகளில் முதலாவது என்பேன். மற்றக் கேள்விகளைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

மேலே சொன்ன இரண்டு சிகிச்சையிலும் திருத்தப்படுவது நோயாளியின் இரத்த உயிரணு மட்டுமே. அவர் இசைந்து செய்துகொள்கிறார். அவரோடு அது முடிகிறது, பிள்ளைகளுக்குப் போவதில்லை. கருவிலேயே திருத்தினால் கதை வேறு. அந்தத் திருத்தம் பிள்ளையின் விந்திலும் முட்டையிலும் ஏறி, பேரன் பேத்தி, அவர்கள் வழி என்று முடிவில்லாமல் போகும். பிழை நேர்ந்தாலும் அவ்வாறே போகும். 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர் இரட்டைப் பெண்குழந்தைகளைக் கருவிலேயே திருத்திப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் தொற்றாமல் காக்க என்றார். அக்குழந்தைகளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. தந்தைக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தாலும் பிள்ளைக்கு வராமல் தடுக்க முன்பே எளிய வழிகள் உண்டு. அவர் முடக்க முயன்ற கூறு, வேறு சில கிருமிகளை எதிர்க்க உடலுக்கு உதவுவதும்கூட. 2019 டிசம்பரில் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய கருவழித் திருத்தத்தைத் தடைசெய்கின்றன. திருச்சபையும் 2008-இல் வெளியிட்ட டிக்னிதாஸ் பெர்சோனே என்ற போதனையில் இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. நோயாளியின் உடல் உயிரணுவைக் குணப்படுத்துவது அடிப்படையில் தகும், வருங்காலச் சந்ததிக்கும் போகும்படி செய்வது இன்றைய நிலையில் தகாது, நோயே இல்லாமல் மேம்படுத்துவதற்காகச் செய்வது இனமேம்பாட்டுக் கொள்கையின் மறுபிறப்பு. இன்றைய நிலையில் என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிவியல் வளரும்போது மீண்டும் பேச வேண்டியிருக்கும் என்பதை அது விட்டுவைத்திருக்கிறது.

நோய் நீக்குதல் எங்கே முடிகிறது, மேம்படுத்தல் எங்கே தொடங்குகிறது? தலசீமியா பிள்ளையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயிடம் இந்தக் கேள்வியை எழுப்புவது வீண். நிறமும் உயரமும் மதிப்பெண்ணும் கேட்டு வரும் தகப்பனிடம் எழுப்பியே தீர வேண்டும். கல்யாண விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்கிற நாடு இது. கடையில் நிறம் விற்கத் தொடங்கினால் வரிசை எவ்வளவு நீளும் என்று ஊகிக்க ஞானதிருஷ்டி தேவையில்லை.

இந்தச் சமயத்தில் மெண்டல் அடிகளார் மீண்டும் நம்மிடம் வருகிறார், அதுவும் எதிர்பாராத வகையில். 2021 ஜூன் மாதத்தில், அகுஸ்தீனார் சபையின் சம்மதத்தோடு, பிர்னோ கல்லறைத் தோட்டத்தில் சபையினருக்குரிய கல்லறையை மசாரிக் பல்கலைக்கழகத்தார் திறந்தார்கள். எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுவை அவர் கைபட்ட பொருள்களில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, இது அவரே என்று உறுதி செய்தார்கள். பிறந்த இருநூறாம் ஆண்டான 2022-இல் முடிவைச் சொன்னார்கள். பாரம்பரியத்தின் விதியைக் கண்ட மனிதருடைய பாரம்பரியம் முழுதும் வாசிக்கப்பட்டது. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் இடம்கொடுக்கும் கூறுகள் அதில் இருந்தன. வலிப்பு, நரம்புக் கோளாறு ஆகியவற்றோடு தொடர்புடைய ஒரு மாற்றமும் இருந்தது. மாணவப் பருவத்தில் படுக்கையில் விழுந்ததும், நோயாளிகளைக் கண்டு நடுங்கியதும், தேர்வு மேசையிலிருந்து எழுந்து போனதும் இதனால்தானா என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பட்டியலை 1822-இல், பிறக்கும் முன்பே, ஒரு ஆலோசகர் அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தால்? நான்கைந்து கருக்களில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தால்? பலவீனமான இருதயம், சிறுநீரகம், நரம்பு. ஜமீனுக்கு உழைத்துக் களைத்த ஒரு குடியானவருக்கு அந்தப் பட்டியலில் பட்டாணித் தோட்டம் தெரிந்திருக்காது. எந்தப் பட்டியலிலும் அது அச்சாகாது.

கடைசியாக, இதெல்லாம் ஐரோப்பாவின் சமாச்சாரம் என்று எண்ணுவோருக்கு ஒன்று. நாம் திருமண ஓலை எழுதும் மேசையிலேயே மெண்டல் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் இன்றும் சொந்தத்திலேயே நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. அக்காள் மகளை மாமன் கட்டுவது திருச்சபைச் சட்டத்தில் மூன்றாம் படி உறவு. அத்தை மகன், மாமன் மகள் நான்காம் படி. இரண்டுக்கும் ஆயரின் விலக்கு இல்லாமல் திருமணம் செல்லாது. சொத்து பிரியாது, பெண் கண்ணெதிரே இருப்பாள் என்று காரணம் சொல்லி விலக்குக் கேட்டு வருகிறார்கள். குருமடத்தில் இந்தச் சட்டத்தைப் படித்தபோது எங்களுக்கு அது வெறும் படிக்கணக்கு. மாமனும் மருமகளும் தங்கள் மரபணுக்களில் கால்பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள், அத்தை மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கை. ஒரே மறைந்த கூறு இருவரிடமும் இருக்க வாய்ப்பு அந்த அளவுக்கு அதிகம். இருவரும் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கோடிக்கணக்கில் செலவாகும் திருத்தத்துக்கு முன்னால், தலசீமியா, அரிவாள் இரத்தசோகை இரண்டையும் சுமக்கிறோமா என்று ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துகொள்ளலாம். சொந்தத்தில் மணம் செய்கிறவர்கள் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அதைச் செய்துகொள்வது நல்லது. நிச்சயம் ஆன பிறகு தெரிந்தால் பழி பெண்ணின் தலையில்தான் விழும், கூறு இருவரிடமும் இருந்தாலும். ஓலை எழுத வருகிறவர்களிடம் இதை நானும் நம் உதவிப் பங்குத்தந்தையும் எடுத்துச் சொல்வோம். முடிவை எங்களிடம் காட்ட வேண்டியதில்லை. பங்குப் பதிவேட்டிலும் அதை எழுத மாட்டோம்.